கணக்கில் வராதது

கம்ப்ரியாக் கரையில் மழை
மேலிருந்து விழாது, கடலிலிருந்து படுக்கைவாக்கில் வரும்.
எல்ஸ்பெத் மோஸப் குடையை உதறிவிட்டு
ஆறு கதவுகள் தாண்டி உள்ளே போகிறாள்.
ஒவ்வொரு கதவும் அவள் யாரென்று புதிதாகக் கேட்கிறது.

இன்று இருப்பெடுக்கும் நாள்.
உலையில் எரிந்து முடிந்த கம்பிகளை
அமிலத்தில் கரைத்துச் சலித்தெடுத்த பொடி,
டப்பாவுக்குள் டப்பாவுக்குள் டப்பாவாக
அலமாரியில் இருக்கிறது நாற்பது வருடமாக.
அடியில் அடுப்பில்லை.
ஆனாலும் கையுறை வழியே வெதுவெதுப்பு,
இப்போதுதான் யாரோ எழுந்துபோன நாற்காலி மாதிரி.

வியன்னாவிலிருந்து டாரிங்கா வந்திருக்கிறாள்.
பழைய முத்திரையை அறுத்துப் பையில் போட்டுக்கொள்கிறாள்.
செப்பு வில்லையின் உட்புறக் கீறல்களை
முன்பு எடுத்த படத்தோடு அங்கே ஒப்பிடுவார்கள்.
ரேகை பார்ப்பவர்கள்,
பலன் சொல்லாதவர்கள்.

"எவ்வளவு குறைகிறது?"
"முந்நூற்றுப் பதினொரு கிராம்."
"எங்கே?"
"குழாய்ச் சுவரில். வடிகட்டியின் மடிப்பில்.
தராசின் நடுக்கத்தில். களவு போகவில்லை."
"தெரியும்" என்கிறாள் டாரிங்கா, எழுதிக்கொண்டே.
"நம்பாமலிருக்கத்தான் எனக்குச் சம்பளம்."
தேநீரில் அவளுக்கு இரண்டு சர்க்கரை.
எட்டுக் கிலோ ஒரு நகரத்துக்குப் போதும் என்பது
இருவரும் வாய்விட்டுச் சொல்லாத வாய்ப்பாடு.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.
அளந்தாயிற்று,
புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் வரை.
போடத்தான் ஆறு இல்லை.

புதையல் என்றார்கள், அவள் வேலையில் சேர்ந்த வருடம்.
வேக உலை வரும், இதைத் தின்னும்,
தின்றதைவிட அதிகம் ஈனும் என்று
வண்ணப்படம் போட்ட கையேடு கொடுத்தார்கள்.
அந்த உலை வரவில்லை.
மந்திரிகள் வந்தார்கள்,
தலைக்கவசம் போட்டுப் படமெடுத்துக்கொண்டு
வேறு துறைக்குப் போனார்கள்.
எரிபொருளா, குப்பையா, ஆயுதமா,
பொடிக்கு மூன்றும் ஒன்றுதான்.
பெயர் வைப்பது லண்டன்.

போன மாதம் பெயர் வந்தது.
எரிக்கப் போவதில்லை.
எவரும் எளிதில் பிரித்தெடுக்க முடியாதபடி
பீங்கானாய் இறுக்கிப் பாறைக்கடியில் புதைப்பார்கள்.
எந்தப் பாறை என்பது இன்னொரு குழுவின் வேலை.
உணவுக்கூடத்தில் ஒருவன் மட்டும்
"அப்போ இத்தனை நாள் நாம காத்தது…" என்று ஆரம்பித்து
சாஸ் பாட்டிலை எடுத்துத்தரச் சொன்னான்.

எல்ஸ்பெத்துக்கு அது சரியென்றே பட்டது.
சரியான ஒன்று இவ்வளவு தாமதமாக வந்து நின்றால்
எங்கே உட்காரச் சொல்வதென்றுதான் தெரியவில்லை.

மாலையில் சரிவில் அவள் தம்பி ஜோப்
ஆடு எண்ணுகிறான், அந்த மலைக்காரர்களின் பழைய முறையில்:
யான், டியான், டெதரா, மெதரா, பிம்ப்.
ஒன்றுக்குப் பெயர் யான்.
என் மொழியில் அது நான்.
தற்செயல்தான்,
இருந்தும் அதைத் தாண்டி இரண்டுக்குப் போக
எனக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது.

செர்னோபில் மழை இந்தப் புல்லில் இறங்கியபோது
ஜோபுக்குப் பன்னிரண்டு வயது.
வெடித்தது எங்கோ.
இங்கே ஆட்டின் முதுகில் சாயம் பூசி
இதை விற்காதே என்றார்கள்.
எல்லைக்கோட்டைப் பற்றி
மேகத்திடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

இன்று ஒன்று குறைகிறது.
விளக்கை எடுத்துக்கொண்டு ஏறுகிறான்.
அவனுக்கு மலை இருக்கிறது, தொண்டை இருக்கிறது,
கல்சுவருக்கு அந்தப் பக்கம்
பதிலுக்கு ஒரு கத்தல் இருக்கலாம்.

ஜன்னலில் நின்று அந்த வெளிச்சம்
ஏறுவதும் மறைவதுமாய் இருப்பதை
எல்ஸ்பெத் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
முந்நூற்றுப் பதினொன்று
கூப்பிட்டால் கத்தாது.
பின்னால்,
உருளைக்கிழங்குக்கு வைத்த உலை
பொங்கி அடுப்பில் வழிகிறது.