எண்பத்தைந்து மில்லிமீட்டர்

எல்லை நிலையத்தில் நள்ளிரவுக்கு மேல்
பயணிகள் உறங்க உறங்கப்
பெட்டியைத் தூக்கி நிறுத்துவார்கள்.
அடியிலிருந்து சக்கரங்களை உருவிவிட்டு
வேறு சக்கரங்களைச் செருகுவார்கள்.
வடக்கிலிருந்து வரும் தண்டவாளம் அகலம்,
தெற்கே போவது
எண்பத்தைந்து மில்லிமீட்டர் குறுகல்.

"என் நான்கு விரல்" என்று
கையை நீட்டிக் காட்டுவார் யோந்தோன்சம்பு.
"நம் வெளியுறவுக் கொள்கை மொத்தமும்
இந்தச் சந்துக்குள்தான் குடியிருக்கிறது."

இரண்டு முறை வர்த்தக அமைச்சர்,
ஒரு முறை, ஏழே மாதம், பிரதமர்.
இருபத்தாறு வருடம்
அவருடைய இடது தோளுக்குப் பின்னால்
நாற்காலியில் பாதி மட்டும் உட்கார்ந்திருந்தேன்.
மேசையில் எனக்குத் தேநீர் வைக்கமாட்டார்கள்.
கணக்கில் நான் ஓர் ஆள் இல்லை.

இரு பக்கமும் அடி வாங்கும் மத்தளம் என்று
எங்கள் நாட்டைச் சொல்வார்கள்.
அவருக்குப் பிடிக்காது.
"மத்தளம் அடித்தால்தான் பேசும்.
நாம் அதற்கு முன்பே
தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டும்."

கடல் இல்லாதவனுக்குப்
பக்கத்து வீட்டுக்காரனே கடல் என்பார்.
நிலக்கரி என்ன விலை என்று கேட்கும் நிருபர்களிடம்
எடைமேடை யாருடையது என்று திருப்பிக் கேட்பார்.
ஒருவரும் அதை எழுதியதில்லை.

அந்தக் குளிர்காலத்தைச் சொல்லவேண்டும்.
நாங்கள் ஒரு விருந்தாளியை வரவேற்றோம்.
தெற்கே யாருக்கோ முகம் சுளித்தது.
மறுநாள் காலை எல்லை "பழுதுபார்ப்பில்" இருந்தது.
கோபியில் நாற்பது கிலோமீட்டருக்கு லாரிகள்.
ஓட்டுநர்கள் தக்கையில்லாத டயர்களை எரித்து
ஆட்டுக்கொழுப்பை உருக்கிக் குடித்தார்கள்.
தலைநகரில் மாவு விலை
காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

ஒன்பதாம் நாள் பேச்சுவார்த்தை.
அவர் மூன்று இரவுகள் தூங்கியிருக்கவில்லை.
ஒரு சுரங்கத்தைக் கேட்டார்கள்,
முழுதாக, முப்பது வருடத்துக்கு.
அவர் சட்டைப் பொத்தானைத் திருகியபடி
"தருவோம்" என்றார்.

நான்
"தரலாம்" என்றேன்.

ஏன் என்று இன்றுவரை தெரியாது.
நாக்கு என்னைக் கேட்கவில்லை.
எதிரே பேனாக்கள் நின்றன.
எப்போது தரலாம், எப்படித் தரலாம் என்று
அவர்களுக்குள்ளேயே ஒரு பேச்சு எழுந்து
அது ஒரு குழு ஆயிற்று,
குழு துணைக்குழு ஆயிற்று.
பதினோராம் நாள் எல்லை திறந்தது.
என்னால் அல்ல.
அவர்களுடைய உருக்காலைகளுக்கும் பசி.

அன்றே கொடுத்திருந்தால்
புது ரயில்பாதை பத்து வருடம் முன்பே வந்திருக்கும்,
என் தம்பி வேலை தேடிக்
கொரியாவுக்குப் போயிருக்கமாட்டான்
என்று சொல்கிறவர்கள் உண்டு.
அவர்கள் சொல்வதும் பொய்யில்லை.
யாரிடமும் நான் வாய் திறக்கவில்லை,
படுக்கையில் கணவரிடம்கூட.

இன்று மாநாடு.
அவருக்கு எண்பத்தொன்று.
உரையின் நகலை முந்தின இரவு அனுப்பியிருந்தார்,
பிராந்திய வணிகம், மூன்றாவது அண்டை நாடு,
எல்லாரும் சொல்வதுதான்.
நான்காம் பக்கத்தில்
தட்டச்சில் "தருவோம்" என்று இருந்ததைப்
பென்சிலால் அடித்துவிட்டு
மேலே சிறிய எழுத்தில்
"தரலாம்."

ஓரத்தில் ஒரு குறிப்பும் இல்லை.
தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
பென்சில் அழுந்தியிருந்தது.

கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறேன்,
இப்போது நாற்காலி முழுவதும் எனக்குத்தான்.
அவர் மேடை ஏறுகிறார், கைத்தடியைச் சாய்த்து வைக்கிறார்.
பேசப்போகிறவருக்கு எதற்கு என்று
அருகிலிருக்கும் இளைஞன் தடுக்கத் தடுக்க
ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் கிடந்த
ஹெட்ஃபோனை எடுத்து
ஒரு காதில் மாட்டிக்கொண்டு
என் அலைவரிசையைத் திருகுகிறார்.