இருபத்து மூன்றாம் நாளுக்குக் காரணம்

புகார் கொடுக்க இரண்டு வருஷம் தருகிறது சட்டம்.
இரண்டு வருஷமும் கெம்பம்மாவிடம்தான் இருந்தது,
கட்டி முடித்த ரசீதோடு சேர்த்து மடித்து.
எடுத்து வந்தபோது
இருபத்து மூன்று நாள் கூடிப்போயிருந்தது.

"ஒவ்வொரு நாளுக்கும் காரணம் வேணும்" என்றார் வக்கீல்,
சாப்பாட்டுக்கு எழுந்தபடி.
"மொத்தமா சொன்னா நிக்காது. நாள் நாளா கேட்டு அடி."

காரணங்களை அடிப்பது என் வேலை.
கிருஷ்ணகிரி ரவுண்டானாவுக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடை மாடியில்,
பக்கத்துக்கு இருபது ரூபாய்.

கடன் ஒன்றும் பெரிய கடனில்லை. ஃபிரிட்ஜ்.
பதினெட்டுத் தவணை, பதினெட்டும் கட்டியாயிற்று.
கம்பெனிக் கணினியில் மட்டும்
பத்தொன்பதாவது ஒன்று முளைத்து நிற்கிறது,
பிடுங்க ஆள் வராத பார்த்தீனியம் மாதிரி,
மாதாமாதம் வட்டி பூத்துக்கொண்டு.
அதைப் பார்த்துத்தான் பேங்கில்
மகளின் நர்சிங் படிப்புக்குக் கடன் இல்லை என்றார்கள்.
மார்க் குறைவாம்.
மகளுடையது அல்ல, அம்மாவுடையது.
"பள்ளிக்கூடமே போவாத எனக்கு
யாரு மார்க்கு போட்டது?"
இதைச் சேர்க்க மனுவில் பத்தி கிடையாது.

சொல்லுங்க என்றேன்.

முதல் நாலு நாள் பர்கூர் செருப்புக் கம்பெனியில் அவசர ஆர்டர்.
லீவு கேட்டால் கணக்கை முடிச்சுக்கோ என்பார் சூப்பர்வைசர்.
அடித்தேன்: பணிச்சுமை.
ஐந்தாம் நாள் ஞாயிறு, அதற்கு நாம் பொறுப்பில்லை.
ஆறாம் நாள் வந்தாளாம்.
ஆணையம் எது என்று கேட்க, யாரோ கைகாட்ட,
லைசென்சுக்கு நிற்பவர்களோடு வரிசையில்
மூன்று மணிவரை நின்றாளாம்.
ஏழிலிருந்து பதினொன்றுவரை ஃபோன்.
தமிழுக்கு மூன்றை அழுத்தவும்;
அழுத்தினால் இந்தியில் பாட்டு.
பிறகு மாமியாருக்குக் காலில் சர்க்கரைப் புண்,
தருமபுரி பெரிய ஆஸ்பத்திரியில் எட்டு நாள்.
டிஸ்சார்ஜ் சீட்டு இருக்கிறது.
சீட்டு இருந்தால் வக்கீலுக்குப் பாதி வழக்கு ஜெயித்த மாதிரி.
இருபது, ரசீதைக் காணோம், அரிசி டப்பாவில் கிடைத்தது.
மறுநாள் கரண்ட் இல்லை.
அதற்கு மறுநாள் நோட்டரி
காவேரிப்பட்டணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

இருபத்து மூன்று?

கெம்பம்மா ஜன்னல் வழியே பாறை மலையைப் பார்த்தாள்.
"அன்னிக்கு ஒண்ணுமில்லம்மா."

ஒண்ணுமில்லன்னா?

"லீவும் போட்டேன், பையும் எடுத்தேன்,
பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன்.
மூணு பஸ்ஸு போச்சு. ஏறல.
என்னாத்துக்குன்னு இருந்துச்சு.
மாங்கா பத்தை வாங்கித் தின்னுக்கினு
அங்கியே உக்காந்துட்டேன்.
பொழுது எறங்க வூட்டுக்குப் போனேன்."

போன மாதம் வேறொரு வழக்கில்
இதே கம்பெனியின் பதில் மனுவைப் பார்த்தேன்.
பன்னிரண்டு நாள் தாமதம்.
பன்னிரண்டுக்கும் சேர்த்து இரண்டே சொல்: நிர்வாகக் காரணங்களால்.
ஏற்றுக்கொள்ளப்பட்டது.
அந்தப் பன்னிரண்டு நாளில்
யார் எங்கே உட்கார்ந்து மாங்காய் தின்றார்கள் என்று
ஒருத்தரும் கேட்கவில்லை.

வக்கீல் பல் குத்தியபடி திரும்பி வந்தார்.
"காய்ச்சல்னு போடு."
"காய்ச்சல் இல்லீங்களே" என்றாள் கெம்பம்மா,
டாக்டரிடம் சொல்வதுபோல.

அவர் உள்ளே போனதும் அடித்தேன்:
மனுதாரர் அன்று பேருந்து நிலையம் வரை வந்தார்.

அந்த ஒரு வரி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது.
வெள்ளைத் தாளின் தலையில் அது மட்டும்.
கீழே, அவள் கைநாட்டுக்கு
வேண்டிய மட்டும் இடம்.