கை கழுவுதல்

கிங்ஸ்டன் பக்கம் ஒரு எக்ஸிட்டைத் தவறவிட்டோம்.
பேச்சும் அங்கேயே இறங்கிக்கொண்டது.
பிறகு மூன்று மணிநேரம்
காரில் வழி சொல்கிறவள் மட்டுமே பேசினாள்,
அவளுக்கும் பிரெஞ்சுத் தெருப்பெயர்கள் வாயில் நுழையவில்லை.

மொன்றியல். பெப்ரவரி. மைனஸ் பத்தொன்பது.
ஜான் தலோன் தெருவில்
வெளிச்சம் தெரிந்த முதல் கதவைத் தள்ளினோம்.
மூக்குக்கண்ணாடிகள் ஆவி பூத்துக்
கொஞ்ச நேரம்
இரண்டு பேருக்குமே எதுவும் தெரியவில்லை.

தாழ்ந்த மேசை. பித்தளைக் கெண்டியும் தாம்பாளமுமாக
இத்ரிஸ் என்று பெயர் குத்திய பையன் வந்தான்.
நீட்டுங்கள் என்று சைகை.
ஆரஞ்சுப்பூ வாசத்தோடு
வெதுவெதுப்பாய் விழுந்தது தண்ணீர்
என் கையில், அவர் கையில்,
கீழே ஒரே தாம்பாளத்தில்.
கைகழுவிவிட வேண்டியதுதான் என்று
வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேனே,
அது இதை அல்ல.

கூம்பு மூடியைத் தூக்கியதும்
குங்குமப்பூவும் இஞ்சியும் முகத்தில் அடித்தன.
இரண்டு பேருக்கும் ஒரு சட்டி.
தனித்தட்டு கேட்டார் தவராசா.
இத்ரிஸ் சிரித்தான்:
அவரவர் பக்கத்திலிருந்து அவரவர்.
நடுவிலிருக்கும் கறி கடைசிக்கு.

அப்படியே செய்தோம்,
எல்லைத் தகராறு உள்ள இரண்டு நாடுகள் மாதிரி.
சோற்றையே முள்ளுக்கரண்டியால் தின்னப் பழகிவிட்ட மனிதர்
ரொட்டியைப் பிய்த்து, தோய்த்து,
மணிக்கட்டுவரை வழிந்த குழம்பை
நக்கிக்கொண்டார்.
பார்க்காததுபோல் பார்த்தேன்.

உப்பில் ஊறிய எலுமிச்சை
என் பக்கம் ஒரு துண்டு, உடனே தீர்ந்தது.
அவர் பக்கம் இரண்டு.
எனக்குப் பிடிக்குமென்று அவருக்குத் தெரியும்.
தெரியுமென்று எனக்கும் தெரியும்.
ஒன்றை விரலால் தள்ளிக்கொண்டு வந்தார்,
ஒலிவ் காய்களைச் சுற்றி, எலும்பைச் சுற்றி,
சரியாக நடுக்கோட்டில் நிறுத்தினார்.
அதைத் தாண்டவில்லை.
எடுத்துத் தின்றேன்.
பல் கூசியது.

தேநீரைத் தோளுயரத்திலிருந்து ஊற்றினான் இத்ரிஸ்.
நம்மைப்போல ஆற்றுகிறான் என்றேன்,
யாரிடம் என்றில்லாமல்.

"ஆற்றுவதென்றால் திரும்ப ஊற்ற வேணும்.
இது சும்மா ஊற்றுவது."
மூன்று மணிநேரத்தில்
என்னிடம் பேசிய முதல் வாக்கியம்,
அதுவும் திருத்தம்.

சொல்லி வாய் மூடவில்லை,
இத்ரிஸ் அந்த முதல் கிளாஸைத்
திரும்பக் கெட்டிலுக்குள்ளேயே கவிழ்த்தான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
புருவத்தை மட்டும் தூக்கினேன்.
தவராசா புதினா இலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

அக்காவுக்கு எனக்குச் சொல்லாமல் அனுப்பிய
நாலாயிரம் டாலர் அப்படியேதான் இருக்கிறது.
கியூபெக் சிட்டிக்கு
இன்னும் மூன்று மணிநேரம் ஓட்ட வேண்டும்.