பென்சில் கோடு

பிறந்தநாள் தோறும் காம்பராச் சுவரில்
தனுர்ஷியை நிறுத்தி
உச்சிக்கு மேல் ஒரு கோடு போடுவேன்.

போன ஐப்பசியில்
அதே சுவரில் வெடிப்பு.
அதற்கும் பென்சில்தான்; தேதியும் எழுதினேன்.

பங்குனியில் பீலி வற்றி
லயமே வாளியோடு நின்றது.
கொழுந்தில்லாமல் அரைப்பேர்.
இப்போது லிந்துலை மலைக்கு
ஒரு மாதத்து மழை ஒரே ராத்திரியில்.

காரியாலயத்து ஐயா வந்து
படம் எடுத்தார். மழை கனத்தால்
கோயிலுக்குப் போங்கள் என்றார்.
கோயிலும் இதே சரிவில்தான்.

அவள் புத்தகப்பையின் அடியில்
பிறப்புப் பத்திரம், டார்ச், பிஸ்கட் பக்கட் வைத்தேன்.
பிஸ்கட்டைத் தின்றுவிட்டாள்.

நேற்று சுவர்முன் நின்று கேட்கிறாள்:
"அது என்னையத் தாண்டிருச்சேப்பா,
அதுக்கு என்னா திங்கக் குடுக்குறீங்க?"

தகரத்தில் முதல் துளிகள்.
பென்சிலைத் தேடுகிறேன்.
கட்டிலடியில் கிடக்கிறது,
அவள் பல்தடத்தோடு.