படுக்கக் கூடாத அரை மணி

மாத்திரை வெள்ளை. வாரத்துக்கு ஒன்று.
செவ்வாய்க்கிழமை என்று நானேதான்
பெட்டியின் மேல் பேனாவால் எழுதிவைத்தேன்.
நான்கு செவ்வாய் போயாயிற்று.
பெட்டியின் வாய் இன்னும் பிரியவில்லை.

மணிக்கட்டு முறிந்தது நவம்பரில்,
குப்பைத் தொட்டிக்கும் வாசலுக்கும் நடுவே.
விழுந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது,
பனிக்கட்டி மேல் உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.
கை மட்டும் காய்ந்த சுள்ளிபோல்
ஒரு சத்தம் போட்டது.

பிறகு மோல்டே ஆஸ்பத்திரியில்
மல்லாந்து கிடந்தவள் மேல்
ஓர் இயந்திரக் கை சத்தமின்றி ஊர்ந்துபோய்
ஓர் எண்ணைத் துப்பியது:
மைனஸ் இரண்டு புள்ளி ஒன்பது.

எங்கள் ஊரில் மைனஸ் என்றால் வானிலை.
இரண்டு புள்ளி ஒன்பதுக்கெல்லாம்
நாங்கள் கையுறை தேடுவதில்லை என்றேன்.
டாக்டர் ஹ்யெல்மேசெத் சிரிக்கவில்லை.
காகிதம் எடுத்து
நூறு பெண்களை வரைந்தார், நூறு சின்ன வட்டங்கள்.
சிலருக்குக் கறுப்புத் தீட்டினார்:
இவர்களுக்கு முறியும்.
மாத்திரை போட்டால், என்று சொல்லி
கறுப்பில் சிலதை ரப்பரால் அழித்தார்.
இதில் நான் யார் என்று கேட்டேன்.
அது எனக்குத் தெரியாது, குன்வோர், என்றார்.
பொய் சொல்லத் தெரியாத மனுஷர்.
அதனாலேயே தூக்கம் கெட்டது.

அக்கா போர்கில் இரண்டு வருஷத்துக்கு முன்
இடுப்பை முறித்துக்கொண்டவள்.
மாடிப்படியை இப்போது
போட்டோவைப் பார்ப்பதுபோல் பார்க்கிறாள்.
போட்டுத் தொலை, என்கிறாள்.
மீன் பண்ணையில் வேலைபார்த்த ஓட்னி
தாடை எலும்பு செத்துப்போகுமாம் என்கிறாள்,
தொடை எலும்பு குறுக்கே விரிசல் விடுமாம்.
அபூர்வம்தான், என்கிறார் டாக்டர்,
முதலில் பல்லைக் காட்டிவிட்டு வாருங்கள்.
பல் போனால் சொல் போகும்.
எலும்பு போனால்?
எல்லோரும் எனக்காகவே பேசுகிறார்கள்.
எலும்பு மட்டும் வாய் திறப்பதில்லை;
வலித்தாலாவது தெரியும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.
தாடையும் அல்ல, தொடையும் அல்ல,
என் தகராறு காப்பியோடு.
வெறும் வயிற்றில் விழுங்க வேண்டும்,
ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீரோடு.
அதன்பின் அரை மணி நேரம்
காப்பி கூடாது, ரொட்டி கூடாது, படுக்கவும் கூடாது.
அறுபத்தேழு வயதில்
ஒருத்தி காலையில் எழுவதே எதற்காம்?

முப்பத்தொரு வருஷம் ஃபெர்ரியின் தளத்தில்
ஆரஞ்சு அங்கி போட்டு நின்றவள் நான்.
லாரி இந்தப் பக்கம், பஸ் அந்தப் பக்கம்,
பாரம் ஒரே பக்கம் ஏறாமல்
கையசைத்துக் கையசைத்து நிறுத்துவேன்.
சாயாத படகுக்காக
எவரும் கண்ணாடியை இறக்கி
நன்றி சொன்னதில்லை.
சாய்ந்திருந்தால் பேப்பரில் என் பெயர் வந்திருக்கும்.

இன்று செவ்வாய்.
ஐந்தரைக்கு எழுந்து
தண்ணீரை மட்டும் குடித்துப் பார்த்தேன்.
மாத்திரை இல்லை. ஒத்திகை.
சமையலறை ஜன்னலோரம் நின்றேன்.
கீழே இருட்டான ஃபியோர்டில்
முதல் படகு விளக்குகளோடு நகர்ந்தது.
தளத்தில் யாரோ ஒரு சின்னப் பெண்,
குளிருக்குக் காலை மாற்றி மாற்றி.
அக்கரைக்கு முப்பத்தைந்து நிமிஷம்,
கடிகாரம் பார்க்காமலே தெரியும் எனக்கு.
நடுவழியில் கெட்டிலைத் தொட்டேன்.
கையை எடுத்துக்கொண்டேன்.

படகு கரை சேர்ந்தபின் குடித்த காப்பி
ஒன்றும் அமிர்தமாக இல்லை,
கொஞ்சம் கசப்பாகக்கூட இருந்தது.

எட்டு மணிக்குப் பல் டாக்டருக்குப் போன் போட்டேன்.
வியாழன் காலியாம்.
ஒன்பதுக்கு போர்கில் கூப்பிட்டாள்.
போட்டாயா?
இல்லை.
பின்னே என்னதான் செய்தாய்?
நின்றேன், என்றேன்.