கழிவு

கட்டபெட்டு தாண்டி மூன்றாவது இலைக் கொட்டகையில்
நான் தராசுக்காரன்.
சாக்குக்கு இரண்டு கிலோ தண்ணீர்க் கழிவு,
அரைக் கிலோ சாக்குக் கழிவு,
அப்புறம் என் பெருவிரல்.

பெருவிரலை முதலில் பார்த்தவர் ஹாலதுரை.
அன்று அவர் யாருமில்லை.
பி.ஏ. தேறாமல் கோவையிலிருந்து திரும்பி
ஒன்றரை ஏக்கரில் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தவர்.
"பத்து நாளா வெயில் காயுது, எங்கடா தண்ணி?"
என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார்.
முள் ஆடி ஆடி நின்ற இடத்தை
வரிசையில் இருந்த முப்பத்தாறு பேரும் பார்த்தார்கள்.
அதுதான் அவருடைய முதல் பொதுக்கூட்டம்.
ஒலிபெருக்கி, என் அலறல்.

வேலை போயிற்று.
மறுவாரம் லைன் வீட்டுக்கு அவரே வந்தார்.
"சன்னாசி, திருடத் தெரிஞ்ச ஒருத்தன் என்கூட இருக்கணும்.
எவன் திருடறான்னு அவனுக்குத்தான் தெரியும்."
போனேன்.

விவசாயிகள் சங்கம். கடன் வாங்கிய மைக்.
ஒன்றியத் தலைவர் ஆனபோது
ஜீப்பில் எனக்குப் பின்சீட்டு.
எம்.எல்.ஏ. ஆனபோது முன்சீட்டு.
மந்திரி ஆனபோது
முன்சீட்டில் துப்பாக்கியோடு ஒருவர் உட்கார்ந்துவிட்டார்.
நான் மூன்றாவது வண்டியில்,
சால்வை மூட்டைகளுக்கு நடுவில்.

கதர், கிராமத் தொழில்கள்.
கோட்டையில் எல்லோரும் வேர்த்துக்கொண்டு உள்ளே வருவார்கள்.
அந்த ஏ.சி. அறையில் இவர் மட்டும்
ஊரிலிருந்து கொண்டுபோன மெரூன் ஸ்வெட்டரோடு
பனைவெல்லக் கோப்பு, தேன்பெட்டிக் கோப்பு,
சலவை சோப்புக் கோப்பு என்று பச்சை மையில்
கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார்.
அழகான கையெழுத்து. அதைச் சொல்லியாக வேண்டும்.

என்ன செய்தார் என்று கேட்கிறார்கள்.
ஓடைக்கு மேல் ஒரு பாலம்,
பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வகுப்பறை,
என் மகளுக்குச் சத்துணவு அமைப்பாளர் வேலை.
பாலத்தில் மட்டும் விரிசல்.

இலை கிலோ நாலு ரூபாய்க்கு இறங்கிய வருஷம்
சாலையில் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள்.
சிவப்பு விளக்கு பனிமூட்டத்தில்
சும்மா சுழன்றுகொண்டிருந்தது.
ருக்கியம்மா ஒரு சாக்கை அவிழ்த்து
கார் மேல் கொட்டினாள்.
கண்ணாடியில் ஒட்டிய இலைகளைப் பார்த்தபடி
ஜன்னலைப் பாதி இறக்கி
"தேயிலை என் துறையில வராதும்மா" என்றார்.

பொய் இல்லை அது.
அரசாணை எண்ணோடு நிரூபிக்கலாம்.
ஆனால் முள்ளின் மேல் ஒரு பெருவிரல் இருந்ததை
மூன்றாவது வண்டியிலிருந்து இறங்கி வந்த
நான் ஒருவனாவது பார்த்தேன்.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது.
இலாகா மாற்றம் என்று வானொலியில் கேட்டோம்,
அவரும்தான் வானொலியில் கேட்டார்.
அடுத்த தேர்தலில் முந்நூற்றுப் பதினொரு ஓட்டு.
அவருடைய ஹட்டியில் மட்டும் அறுபத்திரண்டு குறைந்தது.
யார் யார் என்று அவருக்குத் தெரியும்.
அந்த வீட்டுக் கல்யாணங்களுக்குப் போவதை
அவர் நிறுத்தவில்லை.

இப்போது எலெக்ட்ரானிக் தராசு. முள் இல்லை.
என்னைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்,
பழைய கதை தெரிந்த முதலாளி செத்துப்போனதால்.
புதன்கிழமைகளில் அவர் வருவார்,
இரண்டு சாக்கோடு.
"மந்திரி, முன்னால வாங்க" என்பார்கள்.
நகரமாட்டார்.

நேற்று சிவப்பு எண்கள் இருபத்து மூன்று காட்டின.
அப்படியே எழுதினேன்.
"கழிக்கலையா?"
"மழை இல்லீங்களே."
சாக்குக்குள் கையை விட்டு
ஒரு பிடி இலையை அள்ளிப் பிழிந்து
ஈர உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே விரித்தார்.
வரிசை பார்த்துக்கொண்டிருந்தது.
"எழுது."

இரண்டு கிலோ என்று எழுதினேன்.
ஒன்றுதான் இருக்கும்.