வெள்ளை

ஐந்து பேர் கமிட்டி. நான் ஐந்தாவது.
மேசையில் ஆறிப்போன காபி, ஒரு பழுப்புக் கோப்பு,
அதன்மேல் ஒட்டிய பெயர்:
தொய்வோ ரன்டானென். கோலி. பத்தொன்பது பருவங்கள்.

தண்டர் பே விளையாட்டுப் புகழ்மண்டபத்துச் சுவரில்
இன்னும் ஒரு சட்டத்துக்குத்தான் இடமாம்.
அதற்கு அப்பால் தீயணைப்புக் கருவி.

முதலாமவர் சொல்கிறார்: ஒரு கோப்பையும் ஜெயிக்கவில்லை.
உண்மை.
பெரிய லீக்கில் ஆடியது பதினோரு நிமிடம்,
அதுவும் வேறொருவனின் முழங்கால் பிசகியதால்.
அதுவும் உண்மை.
இரண்டாமவர் தாளைத் தட்டுகிறார்:
நாற்பத்தொரு ஆட்டம், ஒரு கோல்கூட விடாமல்!
இந்த வட்டாரத்தில் நாற்பதைத் தாண்டிய இன்னொருவன் உண்டா?
மூன்றாமவர் கணக்காளர்,
தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் வரை வாசிக்கிறார்.
நான்காமவர் போனில் பனிப்புயல் எச்சரிக்கை பார்க்கிறார்.

நான் பகலில் ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிப்பவள்.
வெள்ளி இரவுகளில், பதினாறு வருடம்,
வலைக்குப் பின்னால் கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஸ்டூல்,
ஸ்டூலில் நான்.
கோல் விழுந்தால் சிவப்பு விளக்கைப் போட வேண்டும்.
சம்பளம் ஒரு கோப்பை சூடான சாக்லேட்.
கோலி என்றால் அதுவரை எனக்குக் கண்ணாடிக் குண்டு.

அவன் முகம் எனக்கு அதிகம் பழக்கமில்லை.
முதுகு தெரியும்.
இடக்கம்பத்தை ஒரு தட்டு, வலக்கம்பத்தை ஒரு தட்டு,
பிறகு ஃபின்னிஷில் ஏதோ முணுமுணுப்பு, அநேகமாக வசவு.
பெயரில்தான் தொய்வு.
அவர்கள் மொழியில் அதற்கு நம்பிக்கை என்று பொருளாம்;
எனக்குத் தெரியவர ஏழு வருடம் ஆனது.

விழுப்புண் எல்லாம் முன்பக்கம்: தாடை, தொண்டை, தோள்.
முதுகில் ஒன்றுமில்லை, சாட்சி நான்.
எங்கள் பழைய கணக்கில் ஒரு நடுகல்லுக்கு இது போதும்.
ஆனால் நடுகல் செத்தவனுக்கு.
இவன் ஆர்தர் தெருவில் டயர் மாற்றிக்கொண்டிருக்கிறான்.

கோப்பில் இல்லாதது ஒன்று.
ஒரு பிப்ரவரி. கடைசி நிமிடம்.
அவன் கால்காப்புக்கு அடியில் நுழைந்த வட்டு
மெதுவாக, வெட்கப்பட்டதுபோல், கோட்டைக் கடந்தது.
சிவப்புக் கோட்டுக்கும் கறுப்பு ரப்பருக்கும் நடுவே
ஒரு நெல்மணி அகலம் வெள்ளை.
வெள்ளை தெரிந்தால் கோல். சட்டம் அவ்வளவுதான்.

விரல் பொத்தான்மேல் இருந்தது.
அழுத்தவில்லை.
அன்று காலை அவன் அம்மாவின் ரத்தம் என் மேசையில் இருந்தது.
வெள்ளணுக்களை இரண்டு முறை எண்ணினேன்.
இரண்டு முறையும் அதே எண்.
அவனுக்கு யாரும் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

அவன் திரும்பினான்.
முகமூடிக் கம்பிகளுக்குள்ளிருந்து என்னைப் பார்த்தான்,
பிறகு அணைந்திருந்த விளக்கை,
பிறகு கையுறையால் வட்டை வெளியே இழுத்து அமுக்கினான்.
விசில்.
நாற்பத்தொன்று.

அதன்பின் அவன் என்னிடம் பேசியதேயில்லை.
பிச்சை போட்டதாக நினைத்தானோ என்னவோ.
டயர் மாற்றப் போனால் பத்து டாலர்
கூடவே வாங்குகிறான் என்று ஒரு சந்தேகம்.

"ஐந்தாவது வாக்கு?"

நாற்பது என்று திருத்துங்கள், என்கிறேன்.
ஓர் இரவு விளக்கு எரியவில்லை.
தவறு விளக்கினுடையதில்லை.

கணக்காளர் பேனாவை மூடுகிறார். அப்படியானால் முடிந்தது,
நாற்பது ஏற்கெனவே இரண்டு பேர் வைத்திருக்கிறார்கள்.

இல்லை, என்கிறேன், திருத்திவிட்டு
என் பெயருக்கு நேரே ஆம் என்று எழுதுங்கள்.
நானூற்று முப்பத்தெட்டு முறை
அவன் தலைக்குப் பின்னால் சிவப்பைப் போட்டிருக்கிறேன்.
அவன் தோற்றதை இந்த ஊரில்
இவ்வளவு கிட்டத்தில் பார்த்தவர் வேறு யாருமில்லை.
ஒவ்வொரு முறையும் ஒரு மிடறு தண்ணீர்,
சறுக்குக் கத்தியால் பனியில் இரண்டு சுரண்டல்,
கம்பத்துக்கு ஒரு தட்டு,
மறுபடி குனிவான்.
அந்தக் குனிவுக்கு என் வாக்கு.

யாரும் பேசவில்லை.
நான்காமவர் போனிலிருந்து தலை தூக்குகிறார்:
நெடுஞ்சாலையை மூடிவிட்டார்களாம்.